மீட்டருக்குள் சுழன்ற தட்டு

பிரிட்டனில் பல வீடுகளில் ஒரு காலத்தில் ஷில்லிங் காசு போட்டால்தான் மீட்டர் மின்சாரம் விடும். காசு தீர்ந்தால் இருட்டு. இலங்கையின் மாவனல்லையில் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மின்சார சபை ஆள் வந்து எண்ணைக் குறித்துப் போவார், பிறகு பில் வரும்.

மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் சுழன்ற அலுமினியத் தட்டுதான் எங்கள் வேடிக்கை. விளிம்பில் ஓர் அடையாளக் கோடு. ஒற்றை பல்புக்கு அது ஊர்ந்து வரும். அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் பறக்கும். சுருள்களின் காந்தப்புலம் தட்டைத் தள்ள, நிலைக்காந்தம் ஒன்று அதை அடக்கிப் பிடிக்கும். எவ்வளவு அழகான பொறிமுறை! 40 வாட் பல்பு 25 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் கண்ணால் காட்டிய கருவி அது. டிஜிட்டல் மீட்டரில் சிமிட்டும் சிவப்புப் புள்ளி அதற்கு ஈடாகாது.