வம்சாவளிக்கு வெளியே நின்றவர்கள்

எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்று கரிசல் சீமையின் பாளையங்களுக்கெல்லாம் வம்ச வரலாறு எழுதும் வேகம் கூடியிருக்கிறது. விழா மலரைப் பிரித்தாலும் தனி நூலைப் பிரித்தாலும் குலமுறைப் பட்டியல்தான் முதலில் நிற்கிறது. வம்சாவளி இல்லாமல் பாளையக்காரர் வரலாறே இல்லை என்பது இவற்றை எழுதுவோரின் வாதம்.

அதில் பாதி உண்மை. 1310இல் பாண்டிய நாட்டைப் பிளந்தது சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற ஒரு தந்தை மக்களின் பகை. சுவீடனில் எரிக் குடும்பமும் ஸ்வெர்கர் குடும்பமும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மாறி மாறி அரியணை ஏறின. கடைசியில் 1250இல் வால்டெமார் அரசரானது தாய்வழி உரிமையில். பிள்ளையின்றி இறந்த எரிக் மன்னருக்கு அவர் சகோதரி மகன். பெண் கொடுத்து எடுத்த உறவைத் தெரிந்துகொள்ளாமல் இதையெல்லாம் விளக்க முடியாது.

ஆனால் நம் வம்ச நூல்கள் அந்த விளக்கத்தைக்கூடத் தருவதில்லை. பட்டத்துக்கு வந்த ஆண்களின் பெயர்கள், அவர்கள் செய்த திருப்பணி, பெற்ற விருது. அவ்வளவுதான். எட்டயபுரம் ஜமீனின் வரலாறாக கவிகேசரி சுவாமி தீட்சிதர் எழுதிய ‘வம்சமணி தீபிகை’ 1879இல் வந்தது. அதன் வசனநடை பிழைபட்டிருப்பதாகச் சொல்லி, 1919இல் பாரதி அதைத் திருத்தி எழுதித்தர முன்வந்தார். அது நடக்கவில்லை. நடந்திருந்தால் நடை சீராகியிருக்கும். அரண்மனைக்கு வெளியே இருந்த குடிகளுக்கு அந்தச் சட்டகத்துக்குள் அப்போதும் இடம் கிடைத்திருக்காது.

1801ஐ எடுத்துக்கொள்வோம். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவர் தம்பி ஊமைத்துரை பிப்ரவரியில் தப்பினார். கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்து நின்றது. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பிய கைகள் யாருடையவை? குலமுறைக் கிளைகளில் தேடினால் விடை கிடைக்காது.

மே 24இல் கோட்டை மறுபடி விழுந்தது. பிறகு நடந்ததை அந்தப் போரில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். உயிர் ஊசலாடும் அந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ‘சாமி’யைக் காப்பாற்றச் சொல்கிறான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கும்பினியார் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, ஊர்ப் பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மையில் செத்துப்போனதாக ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

ஊமைத்துரை அந்த நவம்பரில் தூக்கிலேறும்வரை நடந்த போராட்டம் முழுக்க, அந்த ஒரு தாயின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயரை வெல்ஷ் கேட்டு எழுதவில்லை. அவன் எதிரி, விட்டுவிடலாம். ஒன்றுவிட்ட பங்காளியின் பெயர்வரை தேடிச் சேர்க்கும் நம்மவர்கள் இவளுக்கு ஒரு பத்திகூட ஒதுக்காததை எப்படி ஏற்பது? குருதி உறவு இல்லாதவர் கதையிலேயே இல்லை என்று முடிவு கட்டும் முறைக்கு வரலாறு என்ற பெயர் பொருந்தாது.

இதே ஓட்டைதான் வரி விஷயத்திலும். கிஸ்தி பாக்கிக்காக கலெக்டர் ஜாக்சனோடு கட்டபொம்மன் மோதியதை எல்லோரும் எழுதுகிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் அந்தக் கிஸ்தியை எந்தச் சம்சாரியின் களத்துமேட்டிலிருந்து எடுத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் இருந்த கி. ராஜநாராயணன், ‘கோபல்ல கிராம’த்தில் தெற்கே குடிபெயர்ந்து வந்த சனங்களின் கதையைப் பட்டத்தரசர் யாருமில்லாமல், மங்கத்தாயாரு என்ற பூட்டியின் நினைவிலிருந்து எடுத்துவிட்டார். நாவலாசிரியர் 1976இலேயே செய்ததை வரலாறு எழுதுவோர் இன்னும் தொடங்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலத்தை அளந்து பட்டா கொடுத்தபோது எழுதிய பதிவேடுகளில் உழுதவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அடுத்த ஜமீன் வரலாற்றை எழுதப்போகிறவர் அரண்மனை வாசலுக்குப் போகும் முன் அவற்றைப் புரட்டட்டும்.