காட்டுத் தேவதையும் வீட்டுப் பசியும்: ஒரு பிலிப்பீனியத் திகிற்படம்

கென்னத் டகாத்தான் இயக்கிய 'இன் மை மதர்ஸ் ஸ்கின்' (2023) தகலோக் மொழித் திகிற்படமாகும். கதை நிகழும் ஆண்டு 1945. சப்பானியரின் தங்கத்தைக் கவர்ந்தவர் என்னும் ஐயத்திற்கு ஆளான தந்தை வீட்டைவிட்டு அகல்கிறார், தாய் நோயுற்றுக் கிடக்கிறாள், உணவு அருகுகிறது. மூத்த மகள் தாலா காட்டில் கண்ட தேவதையை நம்பித் தாயைக் காக்க முனைகிறாள். தேவதையோ மனித ஊன் உண்பவள்.

கெடாத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இக்களம் அந்நியமன்று. இதே போர்க்காலத்தில்தான் தமிழ்த் தொழிலாளர் சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943இல் சப்பானியர் கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தனர். சென்றவர் பலர் திரும்பவில்லை. உடல் கிடந்த இடமே அறியாத குடும்பங்களால் ஈமக்கடனை முறைப்படி ஆற்றவும் இயலவில்லை. தந்தையை எதிர்நோக்கிப் பசியோடு காத்திருக்கும் வீடு நமக்கு வெறும் திரைக்கற்பனையன்று.

நம் நாவல்கள் இந்நினைவைப் புறக்கணித்தன எனல் பொருந்தாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கெடா எழுத்தாளர் கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகியன இதனையே பொருளாகக் கொண்டவை. இவற்றின் வலிமை நடப்பியல் சார்ந்தது. இவை சாட்சியமாக நிற்கின்றன. ஆயின் தோட்ட மக்களின் வாய்மொழி உலகில் எல்லையைக் காக்கும் முனியாண்டியும் லயத்துப் பேய்க்கதைகளும் உண்டு. அவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்கும் சீர்திருத்த நோக்கு நம் எழுத்தில் வேரூன்றியது. அதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. எனினும், அடக்கம் பெறாத சாவைப் பேசுவதற்குரிய ஒரு மொழியையும் அதனோடு சேர்த்தே இழந்தோம் என்பது என் கருத்து.

டகாத்தான் அம்மொழியைத் தயக்கமின்றிக் கையாள்கிறார். தேவதையின் பொன்னணியும் முடியும் கத்தோலிக்கரின் தேவமாதா சுரூபத்தை நினைவூட்டுவன. வழிபாட்டுருவே வஞ்சிக்கும் உருவாகும்போது, தாலாவின் வேண்டுதல் அச்சந்தருவதாகிறது. மங்கிய ஒளியும் மௌனமும் வீட்டைச் சிறிது சிறிதாகச் சிறையாக்குகின்றன. படத்தின் உயிர் இம்முற்பகுதியே.

பிற்பகுதியில் குருதிக் காட்சிகள் மலிகின்றன. அச்சம் அருவருப்பாகச் சுருங்குகிறது. உணவின்மையாக நாம் உணர்ந்த பசி, ஊனுண்ணும் வேட்கையாக மட்டும் எஞ்சுகிறது. போரும் வெளியே எங்கோ நின்றுவிடுகிறது.

இடையே ஒன்று. 1957இல் வெளிவந்த 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் பேய்ப்படத்தை இயக்கியவர் இந்தியரான பி. என். ராவ். மறு ஆண்டில் 'அனாக் பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் பிலிப்பீனியரான ரமோன் எஸ்தெல்லா. பேய்க்கதைகள் இவ்வட்டாரத்தில் மொழியெல்லையைக் கடந்தே வழங்கியுள்ளன. லயத்துக் கதைகளைத் தொகுக்கும் நம் மாணவர்கள் இப்படத்தின் முற்பகுதியையேனும் காணலாம்.