அப்பாவைக் கூட்டிட்டு வா!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பையன் கிரிக்கெட் பந்தை அடித்து, யார் வீட்டு ஜன்னல் கண்ணாடியையோ உடைத்துவிட்டான் என்று வையுங்கள். அவன் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். 'எந்த வட்டம்? யார் பையன்? அப்பா எந்த மைன்ஸ்?' மூன்றே கேள்வி. கேஸ் முடிந்தது. அப்பா ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள், புகார் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பத்து வயதுக்கு இது சரிதான். கண்ணாடிக்குக் காசு கொடுக்கப்போவது அப்பாதானே!

அதே பையன் வளர்ந்து ராணுவத்தில் சேர்கிறான். இருபத்திரண்டு வயது. கையில் துப்பாக்கி, எங்கேயோ பனிமலையில் டியூட்டி. ஒருநாள் காவல் பணியில் தூங்கிவிட்டான். அல்லது மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசிவிட்டான். இப்போது அவனுடைய கமாண்டர் நெய்வேலியில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு, 'உங்க பையன் சரியில்லை, கொஞ்சம் கண்டிச்சு வைங்க' என்று சொல்லலாமா?

'சொன்னா என்ன சார் தப்பு? நம்ம ஊர்ல அப்பா சொன்னாதானே பையன் கேப்பான்' என்பார்கள் பலர். நல்லெண்ணத்தில் சொல்கிற பேச்சுதான். ஆனால் கொஞ்சம் தோண்டினால் உள்ளே இருப்பது வேறு.

சட்டத்தைப் பாருங்கள். 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 80-வது பிரிவு, ஒரு சிப்பாய்க்கு அவனுடைய கமாண்டிங் ஆபீஸர் கோர்ட் மார்ஷல் இல்லாமலே என்னென்ன தண்டனை தரலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை, லைன்ஸை விட்டு வெளியே போகத் தடை, கூடுதல் காவல் வேலை, கண்டனம், அபராதம் என்று நீளுகிறது. கடுமையான பட்டியல்தான். ஆனால் அதற்கு முன்னால் குற்றச்சாட்டை அவன் முன்னிலையில் விசாரிக்க வேண்டும், சாட்சியை அவன் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்கின்றன 1954-ம் வருட ராணுவ விதிகள். அநியாயம் என்று பட்டால் மேலே முறையிட அதே சட்டத்தில் 26-வது பிரிவு இருக்கிறது. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதற்கு ஒரு கிளை உண்டு.

அந்தப் பட்டியலில் 'அப்பாவுக்கு போன் போடுதல்' என்று ஒரு தண்டனை இல்லை. இல்லாத தண்டனைக்கு விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அப்பீலும் இல்லை. அப்பாவுக்குப் போன ஒரு போனை எதிர்த்து எந்தத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது?

இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த அப்பா சுரங்கத்தில் ராட்சத பக்கெட் வீல் இயந்திரத்தை ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒருநாள் வேலையில் தப்பு செய்துவிட்டார். என்ன நடக்கும்? மெமோ வரும். சார்ஜ் ஷீட் வரும். என்கொயரி நடக்கும்; துணைக்கு சக தொழிலாளி ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம். இதெல்லாம் இல்லாமல் மேனேஜர் நேராக கிராமத்தில் இருக்கும் அவருடைய எழுபது வயது அம்மாவுக்கு போன் போட்டு, 'உங்க புள்ள ஒழுங்கா வேலை பாக்கல' என்று சொன்னால்? மறுநாள் கேட் முன்னால் கொடி பறக்கும்! தொழிலாளிக்கு அது அவமானம் என்று நமக்குத் தெரிகிறது. சிப்பாய்க்கு மட்டும் அது அக்கறை என்று எப்படித் தோன்றுகிறது?

நான் படித்தது பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: கடைக் கணக்கு வேறு, முதலாளியின் வீட்டுக் கணக்கு வேறு, இரண்டையும் கலந்தால் எந்தக் கணக்கும் டேலி ஆகாது. பையன் செய்த தப்பை அப்பா பெயரில் பற்று எழுதுவதும் அப்படித்தான்.

'அதெல்லாம் சரி, நம்ம தமிழ்ப் பண்பாடு என்ன சொல்லுது?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 312-வது பாட்டு பள்ளிக்கூடத்திலேயே நமக்கு அறிமுகம். அதில் ஒரு தாய் வேலையைப் பங்கு பிரிக்கிறாள். பெற்று வளர்ப்பது அவள் பொறுப்பு. சான்றோன் ஆக்குவது தகப்பன் பொறுப்பு. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் பொறுப்பு. நல்ல நடத்தையைத் தருவது? வேந்தன் பொறுப்பு! அந்த இடத்தில் 'நிலம் தருவது' என்று பொருள்படும் பாடபேதமும் உண்டு. எதை எடுத்துக்கொண்டாலும், தாய் தகப்பன் வேலை முடிந்த பிறகு வேந்தன் வேலை ஆரம்பிக்கிறது. இன்றைய கமாண்டர் அந்த வேந்தனின் இடத்தில் இருப்பவர்.

மேடைதோறும் முழங்கப்படும் இன்னொரு பாட்டு 278. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. உன் மகன் போரில் புறமுதுகு காட்டிவிட்டான் என்று பலர் வந்து சொல்ல, அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் முதியவள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். மகன் வெட்டுப்பட்டுச் சிதைந்து கிடக்கிறான். அவன் ஓடவில்லை. பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள்.

வீரத்தாய் என்று கைதட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அந்தக் கிழவியிடம் போய்ச் சொன்ன 'பலர்' யார்? அவர்கள் சொன்னது பொய். விசாரிக்காமல் தாயிடம் கொண்டுபோன புகார். அதனால் தள்ளாத வயதில் அவளே நீதிபதியாகி, அவளே பிணக்குவியலில் சாட்சி தேட வேண்டியிருந்தது. என் கணக்கில் அந்தப் பாட்டு தாயின் வீரத்தைப் பாடும்போதே, வீட்டுக்கு வதந்தி சுமந்தவர்களின் முகத்திலும் அறைகிறது.

இந்தக் கிழவியாவது வாளெடுத்துப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நெய்வேலி அப்பா எங்கே போய்ப் பார்ப்பார்? போனில் வருவது பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். அவருக்குப் புரிவது ஒன்றுதான்: பையன் ஏதோ பண்ணிவிட்டான். ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது. மறுநாள் மகனிடம், 'அப்படி என்னடா பண்ணித் தொலைச்ச?' என்று ஆரம்பிப்பார். அவன் தரப்பு நியாயம் அதோடு காலி. ஏற்கெனவே அங்கே தனியாக இருப்பவனுக்கு, இருந்த ஒரே ஆறுதல் கதவையும் சாத்தியாகிவிட்டது.

2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தையும் யோசியுங்கள். பதினேழரை வயதிலேயே சேரலாம். பதினெட்டு ஆகாதவனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆக, பெற்றோர் சம்மதம் எந்த வயது வரை என்று அரசாங்கத்துக்கே தெரிகிறது. நாலு வருடம் முடிந்தால் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தர வேலை. இந்த நிலையில் இருக்கும் ஒருவனின் வீட்டுக்கு அதிகாரி போன் போட்டால், அதில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு மிரட்டல் என்று எந்த அப்பாவால் பிரித்துப் பார்க்க முடியும்?

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு தேதி மறக்காது. 2014 மார்ச் 17. சுரங்கத்தில் காவலுக்கு நின்ற மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். ஊர் கொந்தளித்தது. அது ராணுவம் இல்லை, உள்துறையின் கீழ் வரும் படை. ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். அன்று அந்தக் கூட்டத்தில் யாராவது, 'இவனுடைய அப்பா எங்கே?' என்று கேட்டிருப்பார்களா? படை பதில் சொல்லட்டும், அரசாங்கம் பதில் சொல்லட்டும் என்றுதான் கேட்பார்கள். பெரிய தப்புக்குப் படை பொறுப்பு என்றால், சின்னத் தப்புக்கு மட்டும் அப்பா எப்படிப் பொறுப்பாவார்?

அப்படியென்றால் பெற்றோருக்கும் படைக்கும் சம்பந்தமே வேண்டாமா? நிச்சயம் வேண்டும். லீவு முடிந்து பையன் திரும்பவில்லை என்றால் வீட்டுக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். அது தேடல், தண்டனை இல்லை. 30 நாள் தாண்டி விசாரணை மன்றம் உட்காருவதற்குள் அவன் திரும்பிப் போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் நல்லது. அவன் மனசு உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று பயம் வந்தாலும் வீட்டோடு பேசத்தான் வேண்டும். சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடிக்கும் இளம் அதிகாரியின் தோளில் நட்சத்திரம் குத்துவது பெற்றோர்தான். எத்தனை அழகான காட்சி! ஆனால் அது ஒப்படைக்கும் சடங்கு. ஒப்படைத்த பிறகு, வாங்கிக்கொண்டவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தென்கொரியாவில் 2014-ல் ஓர் இளம் சிப்பாய் சக வீரர்களிடம் தொடர்ந்து அடிவாங்கியே செத்துப்போனான். சில மாதம் கழித்து விவரம் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. தரைப்படைத் தளபதி பதவி விலகினார். அங்கே கட்டாய ராணுவ சேவை. வீட்டுக்கு வீடு பிள்ளையை அனுப்பியவர்கள். 2020-ல், வேலை நேரம் முடிந்ததும் சிப்பாய்கள் செல்போன் வைத்துக்கொள்வது முறைப்படி அமலானது. பிள்ளையே அம்மாவிடம் பேசலாம். நடந்ததை அவன் வாயாலேயே சொல்லலாம். பெற்றோருக்கும் படைக்கும் நடுவே திறக்க வேண்டிய கதவு இதுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை படையில் இருந்து, அப்படி ஒரு போன் வந்தால் பதறாதீர்கள். மரியாதையாக இரண்டே கேள்வி கேளுங்கள். 'பையன் நல்லா இருக்கானா சார்?' அடுத்தது, 'அவன் மேல புகார்னா, எழுத்துல அவன்கிட்ட குடுத்துட்டீங்களா சார்?'

முதல் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். இரண்டாவதுக்கு 'இல்லை' என்றால், அந்த போனை அவர் உங்களுக்குப் போட்டிருக்கவே கூடாது.