நாளைப்போவார் நின்ற எல்லை

ஆதனூர்ப் புலைப்பாடியிலே தோன்றித் தில்லைத் திருவடி சேர்ந்த திருநாளைப்போவார் நாயனாரது வரலாறு தமிழகத்தில் இருவகையாக வழங்கி வருகின்றது. சேக்கிழார் பெருமான் அருளியது ஒன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மற்றொன்று. மக்கள் நெஞ்சில் ஊன்றி நிற்பது பெரும்பாலும் பின்னையதே. வேதியராகிய நிலக்கிழார் ஒருவர் தம் பண்ணையாளாகிய நந்தனாரைத் தில்லைக்குச் செல்லவொட்டாது தடுத்தலும், முடிக்கவொண்ணாத வயல்வேலை இறைவனருளால் ஓரிரவில் முடிதலும், அவ்வேதியர் மனந்திரும்பி வணங்குதலும் பாரதியார் படைத்துக்கொண்டனவேயன்றித் திருத்தொண்டர் புராணத்துள் யாண்டும் இல்லை.

இக்கீர்த்தனைக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் இசைந்திலர் என்பதும், பின்னர்ப் பாரதியார் பாடக்கேட்டு உளம் நெகிழ்ந்து அளித்தனர் என்பதும் சாமிநாதையரவர்கள் எழுத்தால் அறியப்படுவன. இலக்கண வழுக்களும் மூலநூலோடு மாறுபடுதலும் பிள்ளையவர்களுக்குத் தடையாயின. இலக்கண வழு இசையில் கரைந்துபோகும். அதுபற்றி ஈண்டு வழக்கில்லை. கதையை மாற்றியதனால் நேர்ந்த இழப்போ அத்துணைச் சிறிதன்று.

பாரதியார் கதையில் நாயனாரைத் தடுப்பவன் ஒருவன். அவன் கொடியனாயிருத்தலின் கேட்போர் அவனை வெறுத்துத் தம்மை மறந்துவிடுகின்றனர். அவன் திருந்தியவுடன் குறையெல்லாம் தீர்ந்ததாக எண்ணி வீடு செல்கின்றனர். பண்ணையடிமையின் துயரை அவையினர் கண்ணீர் விடும்படி காட்டினாரென்னும் பெருமை பாரதியார்க்கு உண்டு. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் சேக்கிழார் காட்டும் நிலை இதனினும் கொடிது. அங்கே நாயனாரைத் தடுப்பார் ஒருவருமிலர். பேரிகை முதலியவற்றிற்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளிக்கின்றார். அவையெல்லாம் கோயிலினுள்ளே செல்கின்றன. அளித்தவர் வாயிற்புறத்தே நிற்கின்றார். இரவெல்லாம் துயிலாது தில்லையை நினைந்து, விடிந்தபின் தம் பிறப்பை நினைந்து தளர்ந்து, மீளவும் காதல் மிகுந்து ‘நாளைப் போவேன்’ என்கின்றார். ஒருவாறு எல்லையை அடைந்தும், வேள்விப் புகையைக் கண்டு அஞ்சி, உட்புகாது இரவும் பகலும் ஊரை வலம் வருகின்றார். ‘நில்’ என்று சொன்ன வாய் எது? புராணத்தில் அப்படியொரு வாய் இல்லை. தடையானது அவர் பிறக்குமுன்னரே அவர் நெஞ்சில் வைக்கப்பட்டிருந்தது.

இக்காலத்துச் செய்தியொன்றை இதனோடு வைத்து நோக்குக. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி என்னும் ஊரில், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் உட்புகுந்து வழிபடுதல் பற்றி எழுந்த பூசலால் திரௌபதியம்மன் கோயில் 2023 சூனில் முத்திரையிடப்பட்டது. உயர்நீதிமன்ற ஆணையின்மேல் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆலயப் பிரவேசத்திற்குச் சென்னை மாகாணம் சட்டமியற்றிய ஆண்டோ 1947. சட்டத்திற்குக் குறைவில்லை, தனியொரு கொடிய நிலக்கிழாரும் அங்கே இலர். கீர்த்தனையைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிது. புராணத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

இனி, எல்லாரும் எடுத்துக்காட்டும் தீயின் செய்தி. நாயனார் தீயில் மூழ்கி, முனிவடிவும் பூணூலும் கொண்டு எழுந்த பின்னரன்றோ தில்லைக்குள் சென்றார். ஆகவே பிறப்பின் இழிவு மெய்யே என்பார் உளர். இவ்வாதத்தைப் புறக்கணித்துச் செல்லுதல் ஒல்லாது. பூணூல் பாட்டிலேயே இருக்கின்றது. ஆயினும் எரிந்தது யாதென்பது ஆராயற்பாலது. சேக்கிழார் நீங்கியதாகக் கூறுவது மாயையின் பொய்யுருவம். சித்தாந்தத்தின்படி உடம்பு யாவர்க்கும் மாயாகாரியமே. தீ வளர்த்த மூவாயிரவர் உடம்பும் அதுவே. உயிரை அநாதியே பற்றிய ஆணவமோ குலம் பார்த்துக் கூடிக் குறைவதன்று. அன்றியும், சுந்தரமூர்த்திகள் திருத்தொண்டத்தொகையில் நாளைப்போவாரைச் செம்மையுடையாராகப் போற்றி அவர்க்கு அடியவராயினார். தீயைப் பற்றிப் பேசிற்றிலர். நம்பியாண்டார் நம்பிகள் புலை நீங்கினமையும், முனியாயினமையும், மூவாயிரவர் கைகூப்பினமையும் கூறினாரேனும், தீ அவர் பாட்டிலும் இல்லை. பூணூல் காலத்தின் சாயல் என்று கொள்ளுவார்க்கு இவ்விரு நூல்களும் துணையாவன.

மற்றுமொரு தீ அதே புராணத்தில் உண்டு; அதனை எடுத்தோதுவார் அரியர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் மனைவியாரோடு தங்குதற்கு இடந்தருமாறு ஆளுடைய பிள்ளையார் திருநீலநக்கரை வேண்ட, அந்தணராகிய அவர் தம் மனையின் நடுவே வேதியின் பக்கத்தில் இடமளித்தார். வேதியின் தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று. பாணரை அது சுடவுமில்லை, மாற்றவுமில்லை. அவர் பாணராகவே கிடந்து பாணராகவே எழுந்தார்.

அப்பாணரை மதுரையில் திருக்கோயிலினுள்ளே கொணரும்படி இறைவன் தொண்டர்களுக்குக் கனவில் ஆணையிட்டதும், யாழ் ஈரந்தாக்காதபடி பொற்பலகை இடுவித்ததும் புராணம் கூறும். 1939 சூலை 8இல் அ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட அன்பர் சிலரை உடன்கொண்டு புகுந்ததும் அம்மதுரைத் திருக்கோயிலே. எனினும், அப்பாணருக்கே திருவாரூரில் வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது என்பதனையும் சேக்கிழார் மறையாது எழுதியுள்ளார். பொற்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வாயிலை விட்டுவிடுவோரும், அவ்வாயிலை மட்டும் காட்டிப் பொற்பலகையை மறைப்போரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இரண்டையும் ஒருங்கு வைத்து எழுதப்பட்ட உரை இன்னும் வெளிவரவேண்டியதாகவே இருக்கின்றது.