கணக்கும் கதையும்

மில்டனின் 'லாலெக்ரோ'வில் ஒரு விடியற்காலைக் காட்சி வருகிறது. உழவன் ஏர் பூட்டியிருக்கிறான். பால்காரி பாடுகிறாள். புல் அறுப்பவன் அரிவாள் தீட்டுகிறான். இடையர்கள் மரத்தடியில் தத்தம் 'டேல்' எதையோ 'டெல்' பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் பி.ஏ. வகுப்பில் இது 'கதை சொல்கிறார்கள்' என்று ஒரே வீச்சில் கடந்துபோயிற்று. பின்னால் பார்க்க நேர்ந்த ஒரு தமிழாக்கத்திலும் இடையன் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் வேலையில் இறங்கிவிட்ட நேரத்தில் இவன் ஒருவனுக்கு மட்டும் கதைக்கு எப்படிப் பொழுது கிடைத்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்கவைத்தது மேச்சேரிப் பக்கத்து ஆட்டுப்பட்டி ஒன்று. காலையில் படலைத் திறந்து ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விடுகிறவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எண்ணிக்கொண்டிருந்தான். மில்டனின் இடையனும் இதைத்தான் செய்கிறான் என்பது பழைய உரைகாரர்கள் சிலருடைய கட்சி. ஆங்கிலத்தில் 'டெல்' என்பதற்கு எண்ணுதல் என்ற பொருள் பழமையானது. 'டேல்' எண்ணிக்கையையும் குறித்தது. 1611ஆம் ஆண்டு பைபிளில், யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் ஒப்படைக்க வேண்டிய செங்கல் தொகைக்கு 'டேல்' என்றே பெயர். ஜெர்மானியமும் இந்த உறவை விட்டுவிடவில்லை: 'ட்ஸேலன்' என்றால் எண்ணுவது, 'எர்ட்ஸேலன்' என்றால் கதை சொல்வது. நான் உட்கார்ந்திருக்கும் வங்கியிலும் பணம் எண்ணிக் கொடுப்பவனுக்கு 'டெல்லர்' என்று பெயர். பழம்பொருள் இங்கே செத்துப்போகவில்லை, உத்தியோகம் பார்க்கிறது. பணம் எண்ணும் மேஜை என்பதால்தான் 'கவுண்டர்' என்ற பெயரும் வந்தது. எங்கள் ஜில்லாவில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் வேறு அர்த்தம்தான் தோன்றும் என்பது தனி விஷயம்.

ஆக, 'கதை சொல்கிறான்' என்பது தவறு, 'ஆடு எண்ணுகிறான்' என்பதுதான் சரி என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியாது என்றே நினைக்கிறேன். 1645இல் அந்தக் கவிதை அச்சேறியபோது இரண்டு பொருளும் புழக்கத்தில் இருந்தன. வாசகனின் காதில் இரண்டும் விழுந்திருக்கும். அந்த இரட்டை ஒலிதான் வரியின் உயிர். தமிழில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் எண்ணுவதையே வைத்துக்கொள்வேன். காட்சி அதைக் கேட்கிறது. ஆனால் எதை இழந்தேன் என்ற பிரக்ஞையோடு அதைச் செய்வேன். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு இழந்தது இன்னதென்றே தெரியாது. சொல்லின் கடைசி அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரில் 'சென்ஷர்' என்பது அபிப்பிராயத்தையும் குறிக்கும். ஹாம்லெட்டில் கிழவன் பொலோனியஸ் மகனுக்கு உபதேசிக்கும் இடத்தில் அதைக் 'கண்டனம்' என்று பெயர்த்தால் உபதேசம் கோணிக்கொள்ளும். விமர்சனம் என்றாலே கண்டனம்தான் என்று நம்பும் நமக்கு அந்தக் கோணல் கண்ணில் படாது.

இது ஆங்கிலத்தோடு நிற்கிற வியாதியும் இல்லை. 'கணக்கு' என்ற நம் சொல்லையே பாருங்கள். பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு என்று நம் முன்னோர் இலக்கியத் தொகுதிகளுக்குப் பெயர் வைத்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தவன் கணக்காயன். எண்ணும் எழுத்தும் அந்தச் சொல்லுக்குள் ஒரே வீட்டில் குடியிருந்தன. கிராமத்தில் நிலக்கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை. யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் அவர் 'கானிகோபொலி' என்ற வேஷத்தில் நிற்கிறார். 1792இல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கம்பெனி கைக்குப் போனபின், ரீடும் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி விதித்தார்கள். அந்தக் கம்பெனியின் கீழ்ப்படி உத்தியோகஸ்தனுக்குப் பெயர் 'ரைட்டர்'. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங் அவர்களுக்காகக் கட்டப்பட்டது. நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றைக்கும் ரைட்டர் என்றால் நாவலாசிரியர் இல்லை.

பரம்பரைக் கணக்கப்பிள்ளை பதவி 1980இல் ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான். ஆனால் சொல்லின் பாதி அர்த்தம் அதற்கு வெகுகாலம் முன்பே நம் மனத்தில் ஒழிந்துவிட்டது. 'அவன் குமாஸ்தா, கணக்கு எழுதுகிறவன், அவனுக்கென்ன கவிதை' என்று நம் கூட்டங்களில் பேசுகிற நண்பர்களுக்குக் கீழ்க்கணக்கு ஞாபகம் வருவதில்லை.

ஆக்ஸ்போர்டு அகராதி 1884இல் தொடங்கி 1928இல் முடிந்தது. ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது என்று அது வரிசைப்படுத்தித் தருகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்து லெக்ஸிகன் நூலாதாரம் தரும், ஆண்டு தராது. சொல்லின் வயது தெரியாமல்தான் நாம் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறோம். யாப்புக்கும் படிமத்துக்கும் சண்டை போட்ட அளவுக்கு இதற்காக நாம் சண்டை போட்டதில்லை.

போன வாரம் கவுண்டருக்கு ஒரு கிழவி வந்தாள். பாஸ்புக்கை நீட்டி, "எங் கணக்கச் சொல்லுங்க சாமி" என்றாள். மீதித்தொகையைச் சொன்னேன். அவள் நகரவில்லை. ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். நான் தொகையைப் படிக்கப் படிக்க அவள், இது செம்மறி விற்றது, இது பேத்தி சீருக்கு எடுத்தது, இது மழை பொய்த்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் வரிசை நீண்டு முணுமுணுப்புக் கேட்டது. 'கணக்குச் சொல்' என்று அவள் கேட்டதில் மில்டனின் இரண்டு அர்த்தமும் இருந்தன. அந்த வரியை இனி யாராவது தமிழாக்கினால் அகராதிக்குப் போவதற்கு முன்னால் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும்.