உறையின் பின்பக்கம்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் இளைஞனிடம் யாராவது ஒருவர் நீட்டும் முதல் இசைத்தட்டு பெரும்பாலும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வாக இருக்கும். எனக்கும் அதுதான் வாய்த்தது. ட்ரம்பெட்டுக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் உருப்படியான 'சோ வாட்'டில் மெட்டைச் சொல்வது ட்ரம்பெட் இல்லை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது. பியானோவும் டபுள் பேஸும் தயங்கித் தயங்கி ஏதோ பேசிக்கொள்கின்றன. பிறகு அடியிலிருந்து பேஸ் ஒரு கேள்வி கேட்கிறது. பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது. கேள்வி மறுபடி மறுபடி வர, ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன. மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்க ஒன்றரை நிமிடம் ஆகிறது.

கேள்வி கேட்டவர் யார் என்று அறிய உறையைத் திருப்பினேன். சிறிய எழுத்தில் பால் சேம்பர்ஸ் என்று இருந்தது.

ஜாஸின் முக்கியப் பதிவுகளை முன்னட்டைப் பெயர்களை வைத்து அடுக்குவது வழக்கம். பின்னட்டைப் பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் கிட்டத்தட்ட அதே ஊர்களைத்தான் பார்க்கிறோம். ஆனால் கொல்லைப்புற வழியாக நுழைகிறோம்.

சேம்பர்ஸ் 1935இல் பிறந்தவர். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் இரண்டு நாட்களில் பதிவானது. இடம், நியூயார்க்கில் தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமான ஒரு கட்டடம். முதல் நாள் மார்ச் 2. அன்று ஓடிய டேப் இயந்திரத்தின் வேகம் சற்றுக் குறைவாக இருந்ததால், தட்டின் முதல் பக்கம் சுருதி கொஞ்சம் ஏறியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றது. 1992 மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். இரண்டாம் நாள் ஏப்ரல் 22. அது சேம்பர்ஸின் 24ஆவது பிறந்த நாள்.

அந்த வயதுக்குள் அவர் போய்வந்த இடங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் ஆர்ட் பெப்பர், மைல்ஸ் குழுவின் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவரையும் ஒருநாள் இரவல் வாங்கி ஒரு தட்டு போட்டார். தலைப்பிலேயே அந்த மூவர் வருகிறார்கள், 'தி ரிதம் செக்‌ஷன்' என்று. எந்த ரிதம் செக்‌ஷன் என்று சொல்லத் தேவைப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் நடத்திவந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' பதிவானது. ட்ரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. அங்கும் பேஸ் சேம்பர்ஸ்தான். 1958 ஜனவரியில் சன்னி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்'. அதன் முன்னட்டையில் ஒரு பெண்ணின் கால்கள் நடந்துபோகின்றன. உள்ளே நடப்பவர் சேம்பர்ஸ்.

நடை என்று சொல்வது உவமைக்காக அல்ல. தாளத்தின் நான்கு தட்டுக்கும் ஒவ்வொரு சுரமாக பேஸ் ஏறி இறங்கிச் செல்வதை வாக்கிங் என்றே வாத்தியக்காரர்கள் சொல்கிறார்கள். சேம்பர்ஸின் நடையில் அவசரம் கேட்காது; தட்டின் முன்விளிம்பில் மட்டும் மெல்லச் சாய்ந்திருப்பார். தனி ஆவர்த்தனம் வந்தால் பல முறை வில்லை எடுப்பார். அந்த வில்லோசையின் கரகரப்பு சிலருக்கு ஆகாது. எனக்கு அது பழகிய ஒருவரின் கனைப்புபோல ஆகிவிட்டது.

பேஸ் காதில் விழுவதற்கே ஜாஸ் பதிவுகள் நெடுங்காலம் காத்திருந்தன. 1925 வரை கலைஞர்கள் பெரிய புனல் ஒன்றின் முன் நின்று வாசித்தார்கள். அந்த முறையில் தாழ்ந்த தந்தி ஒலி சரியாகப் பதிவதில்லை. பல குழுக்களில் அந்த வேலையைச் செய்தது ட்யூபா. மைக் வந்த பிறகும் பேஸ் துடிப்பாகத்தான் கேட்டது, குரலாகக் கேட்கவில்லை. குரல் ஆக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜிம்மி பிளான்டன். 1939இல் ட்யூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். எலிங்டன் பெரிய குழுவை ஒதுக்கிவைத்து, தம் பியானோவும் பிளான்டனின் பேஸும் மட்டுமாகச் சில பதிவுகள் செய்தார். சுமார் மூன்று நிமிட நீளமுள்ள அந்தத் தட்டுகளில் பேஸ் முதன்முறையாக நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது எனலாம். 1942இல் காசநோய் பிளான்டனைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது 23.

1959ஐ ஜாஸ் ரசிகர்கள் தனியாகக் கொண்டாடுவதற்கு மைல்ஸ் மட்டும் காரணமில்லை. அந்த மே மாதம் சார்லஸ் மிங்கஸ் 'மிங்கஸ் ஆ உம்' பதிவுசெய்தார். இங்கே பேஸ் வாசிப்பவரே தலைவர். முன்னட்டையிலும் அவர் பெயர்தான். மார்ச்சில் மறைந்த லெஸ்டர் யங்குக்கான இரங்கல் 'குட்பை போர்க் பை ஹேட்'. லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுத்த ஆர்கன்சா ஆளுநரைக் கிண்டல் செய்வது 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. இது இந்தத் தட்டில் சொற்கள் இல்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்துக்காகச் சொற்களோடு பாடிப் பதிவுசெய்தார். மிங்கஸ் அடியிலிருந்தே மொத்தக் குழுவையும் அதட்டி ஓட்டுகிறார்.

அதே மே மாதம் ஹாலிவுட்டில் ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. பியானோவே இல்லாத நால்வர் குழு. 'லோன்லி உமன்' கேட்கும்போது டிரம்ஸ் வேகமாக ஓடுகிறது; சாக்ஸபோனும் கார்னெட்டும் மெதுவாக அழுகின்றன; இரண்டுக்கும் நடுவே சார்லி ஹேடன் இரட்டைத் தந்திகளைச் சேர்த்து மீட்டி ஒரு தரையை விரிக்கிறார். சிறுவனாகக் குடும்பத்தோடு வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர் ஹேடன். அந்த எளிமை கடைசிவரை அவர் விரலில் இருந்தது.

மூன்றாவது வழி ஸ்காட் லஃபேரோவுடையது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழுவில் அவர் நடக்கவே மறுத்தார். பியானோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் குறுக்கே புகுந்து முடித்துவைப்பார். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் அவர்கள் வாசித்தது பதிவானது. மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதும் யாரோ பேசிச் சிரிப்பதும் கேட்கும். பதினோராவது நாள் கார் விபத்தில் லஃபேரோ இறந்தார். வயது 25. அது தெரிந்தபின் அந்தச் சிரிப்புச் சத்தம் முன்போலக் கேட்பதில்லை.

பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 1964 டிசம்பரில் பதிவான கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' நான்கு சுரங்களின் மேல் எழுப்பப்பட்டது. அவற்றை முதலில் எடுத்துக் கொடுப்பவர் பேஸ் வாசித்த ஜிம்மி காரிசன். மைல்ஸ் குழுவில் சேம்பர்ஸின் இடத்துக்கு 1963இல் வந்த ரான் கார்ட்டரை, 2,221 பதிவுகளில் வாசித்தவர் என்று 2015இல் கின்னஸ் குறித்துக்கொண்டது. 2011இல் புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருதை, பேஸ் மீட்டிக்கொண்டே பாடும் எஸ்பரான்சா ஸ்பால்டிங் பெற்றார்.

சேம்பர்ஸ் 1969 ஜனவரியில், பிளான்டனைப் போலவே காசநோயில், 33 வயதில் இறந்தார். தம் பெயரில் அவர் போட்ட தட்டுகள் உண்டு, நல்ல தட்டுகள். ஆனாலும் அவருக்கான மரியாதை இன்னொருவர் தட்டில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' உருப்படிகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு குடும்பம் தெரியும். உறவுக்காரி மேரிக்கு ஒன்று, மனைவி நைமாவுக்கு ஒன்று, நைமாவின் மகள் சயீதாவுக்கு ஒன்று. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'மிஸ்டர் பி.சி.' பால் சேம்பர்ஸின் முதலெழுத்துகள். சுமார் ஏழு நிமிடம், நல்ல வேகத்தில், அவர் அதில் நடந்துகொண்டே இருக்கிறார்.