மூத்தவர் சொல்லும் பதிலை எதுவரை நம்பலாம்?

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் ஒருவர் மருத்துவரைப் பார்த்த கையோடு தேடுவது, ஏற்கெனவே அதைச் செய்துகொண்ட ‘மூத்தவர்’ ஒருவரைத்தான். ஆலோசனை அறையில் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அவரிடம் கேட்கலாம். எத்தனை கிலோ குறையும்? முடி கொட்டுமா? விருந்துக்குப் போனால் என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொள்ளலாமா? திரும்ப எடை ஏறிவிட்டால்? நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்களில் இந்தக் கேள்விகள் மாறுவதில்லை. பதில்களும் ஏறக்குறைய மாறுவதில்லை. அந்தப் பதில்களை நம்பித்தான் ஒருவர் தன் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுக்கவோ (ஸ்லீவ்), இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் குடலோடு இணைக்கவோ (பைபாஸ்) சம்மதிக்கிறார் என்பதால் அவற்றை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

சொல்பவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. பதில் சொல்பவர் அறுவை முடிந்து எத்தனையாவது ஆண்டில் இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி. உற்சாகமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுக்காரர்கள். எடை தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. பழைய சட்டை தொளதொளக்கிறது, மூட்டுவலி விலகுகிறது, பார்ப்பவரெல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியிலிருந்து வரும் பதில் உண்மையானதுதான். ஆனால் அது அந்தக் காலத்துக்கு மட்டுமான உண்மை.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதைக் கணக்கோடு காட்டுகிறது. அங்கே பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. 120 கிலோ இருந்தவர் 82 வரை இறங்கி, பிறகு 90இல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுக் கிலோ திரும்பி வந்திருக்கிறது. மீதி முப்பது கிலோ வரவில்லை. இது நல்ல விளைவு. ஆனால் புதியவருக்குக் கிடைக்கும் பதில் எது? “ஒழுங்கா சாப்பிட்டா திரும்ப ஏறாது.” இந்த ஒரு வாக்கியம் செய்யும் கேடு பெரிது. கொஞ்சம் எடை திரும்புவது உடலின் இயல்பான போக்கு என்பதை மறைத்து, அதைத் தனிமனித ஒழுக்கக் குறைவாக ஆக்கிவிடுகிறது. எட்டுக் கிலோ ஏறியவர் தன்னைத் தோற்றவராக எண்ணிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார். அவர் போனபின் பேச மிஞ்சுவது மெலிந்துகொண்டிருப்பவர்கள் மட்டுமே. கூட்டம் தன் சாட்சிகளைத் தானே வடிகட்டிக்கொள்கிறது. புதியவர் அந்த வடிகட்டிய கூட்டத்தைப் பார்த்து, “எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது” என்று முடிவுக்கு வருகிறார்.

எத்தனை கிலோ குறையும் என்பதற்குச் சொல்லப்படும் “எழுபது சதவீதம்” என்ற எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. அது மொத்த எடையில் எழுபது அல்ல, அதிகப்படி எடையில். 120 கிலோ இருப்பவருக்கு 65 கிலோ சரியான எடை என்றால் அதிகப்படி 55. அதில் எழுபது சதவீதம் 38 கிலோ சொச்சம்தான். மூத்தவர்களே பல சமயம் இந்த இரண்டையும் கலந்து பேசுகிறார்கள்.

ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது மூத்தவருக்கு இணை யாருமில்லை என்பேன். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு இட்லியில் இருப்பது ஏறத்தாழ இரண்டு கிராம். ஒரு முட்டையில் ஆறு. ஸ்லீவ் செய்த முதல் மாதங்களில் ஒரு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். அந்த ஒரு இட்லி இடத்தை அடைத்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்? தட்டில் முதலில் முட்டையை, பனீரை, மீனைச் சாப்பிடு, இட்லியைக் கடைசியில் தொடு; சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரைமணி கழித்துக் குடி; பந்தியில் உட்காராதே, பரிமாறும் பக்கம் நின்றுகொள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்றெல்லாம் சொல்வது மூத்தவர்தான். இன்னொன்றையும் அனுபவசாலிகள் சரியாகக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள்: கோழிக்கறி தொண்டையில் நிற்கும்; மிக்சரும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு போகும். திரும்ப ஏறும் எடையில் ஒரு பங்கு இந்த வழியாக வருகிறது. ரசம் சாதமும் கஞ்சியும் “வயிற்றுக்கு இதம்” என்று வீட்டார் ஊட்டுவதைத் தடுக்கும் சாமர்த்தியத்தை எந்த அச்சிட்ட கையேடும் கற்றுத்தருவதில்லை.

முடி கொட்டும், மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, பெரும்பாலும் வளர்ந்துவிடும். இந்தப் பதிலும் சரியே.

சத்து மாத்திரைகளில் சிக்கல் தொடங்குகிறது. “ஒரு வருஷத்துக்கு அப்புறம் விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் நிம்மதியடைகிறார்கள். வைட்டமின் பி12ஐக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குச் சேமித்துவைத்திருக்கும். கையிருப்பு தீரும்வரை குறை தெரியாது. தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆகவே, மாத்திரை இல்லாமல் ஓரிரு ஆண்டு நன்றாக இருந்தேன் என்ற சாட்சியத்துக்கு மதிப்பே கிடையாது. மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும். மதுவும் அப்படித்தான்: முன்பு மதுவைச் சமாளித்த உடல் பைபாஸுக்குப் பின் சமாளிக்காது, போதை சீக்கிரம் ஏறும். மதுப் பழக்கச் சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் காட்டியது. இதுவும் முதல் ஆண்டுக்காரரின் கண்ணுக்குப் படாதது.

கல்யாணத்துக்கு முன்னால் செய்யலாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் “தாராளமா” என்று பதில் வரும். அதோடு சொல்ல வேண்டிய பாதி விடுபடுகிறது. எடை குறையும்போது மாதவிலக்கு சீராகி, எதிர்பாராத வேகத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு வருகிறது. ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கருத்தடை மாத்திரை பைபாஸுக்குப் பின் முழுமையாகக் கிரகிக்கப்படும் என்று சொல்ல முடியாது. கல்யாணம் முடிந்ததும் “விசேஷம் உண்டா” என்று கேட்கும் நம் ஊரில் இந்த ஒன்றரை ஆண்டு லேசான விஷயமல்ல. முன்னதாகவே பேசிவைக்க வேண்டும்.

எந்த அறுவையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மூத்தவரின் பதில் கிட்டத்தட்டப் பயனற்றது. அவருக்குத் தெரிந்தது அவர் செய்துகொண்டது மட்டுமே. “ஸ்லீவ் சின்ன ஆபரேஷன்” என்பது பரவலான பேச்சு. வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்பப் பொருத்த முடியாது என்பதை இந்தச் ‘சின்ன’ மறைத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 217 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், எதுக்களிப்பு மோசமானவர்கள் ஸ்லீவில் 31.8 சதவீதம், பைபாஸில் 6.3 சதவீதம். நெஞ்செரிச்சலோடு வரும் ஒருவருக்கு, நெஞ்செரிச்சலே இல்லாத ஒருவர் ஸ்லீவைச் சிபாரிசு செய்வது எத்தனை நல்லெண்ணத்தோடு இருந்தாலும் தவறு. சர்க்கரை நோய் போய்விடும் என்ற பேச்சும் முழு உண்மையல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த ஆய்வில், ஐந்தாம் ஆண்டில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (எச்பிஏ1சி) ஆறு சதவீதம் அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கை எட்டவில்லை.

இப்போது “ஊசி போட்டால் போதாதா” என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைடு ஊசி, பெரிய ஆய்வொன்றில் 72 வாரத்தில் அதிகபட்ச அளவில் சுமார் 21 சதவீத எடையைக் குறைத்தது. அறுவை செய்துகொண்டவர்கள் இதைக் கொஞ்சம் அலட்சியமாகவே ஒதுக்குகிறார்கள்: “நிறுத்தினா ஏறிடும், இதுதான் நிரந்தரம்.” நிறுத்தினால் ஏறுவது உண்மை. நிரந்தரம் என்பது மிகை. தான் பட்ட கஷ்டம் வீண் போகவில்லை என்று நிறுவும் ஆசை இந்தப் பதிலில் ஒளிந்திருக்கிறது.

ஆபத்து உண்டா என்று கேட்டால் “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார்கள். ஆகியிருந்தால் பதில் சொல்ல அவர் வந்திருக்க மாட்டார். அமெரிக்காவின் தேர்ந்த மையங்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம் என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆயிரத்தில் மூவர். இது குறைவான எண்ணிக்கைதான். ஆனால் அது அந்த மையங்களின் எண். 2024இல் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு இந்த அறுவைக்காக வந்த இளைஞர் இறந்தார். அரசு விசாரணைக்குப் பின் அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. புதியவர் கேட்க வேண்டியது “ஆபத்து உண்டா” என்பதல்ல. இந்த மருத்துவமனையில் முழு வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். காப்பீடு கிடைக்குமா என்பதையும் பிறர் அனுபவத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆசியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் உடல் எடைக் குறியீட்டு (பி.எம்.ஐ.) எல்லை குறைவு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ 40, அல்லது கடுமையான இணைநோய் இருந்தால் 35 என்கிறது. மருத்துவர் சரி என்றவருக்கும் பணம் மறுக்கப்படலாம்.

எல்லாவற்றிலும் மோசமான பதில் ஒன்று உண்டு: “அதெல்லாம் நார்மல்.” அறுவைக்குப் பின் நாட்கணக்கில் நிற்காத வாந்தி நார்மல் அல்ல, தயமின் குறைந்து மூளை பாதிக்கப்படும் அபாயம் அதில் இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் இதயம் படபடவென்று அடிப்பதும், காய்ச்சலும், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியும் தையல் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். “கேஸ் வலி, நடந்தா சரியாகிடும்” என்று ஆறுதல் சொல்லும் நல்ல மனம் இங்கே உயிரை வாங்கிவிடும். இந்த அறிகுறிகளைப் பற்றிய கேள்விகளுக்கு மூத்தவர் சொல்லக்கூடிய பதில் ஒன்றே: உடனே மருத்துவமனைக்குப் போ.

என் தீர்ப்பு இது. தட்டில் என்ன வைப்பது, பந்தியை எப்படிக் கடப்பது, மாமியாரிடம் என்ன சொல்வது ஆகியவற்றில் மூத்தவரை முழுதாக நம்பலாம். எடையும் சர்க்கரையும் பற்றிய பேச்சில், உங்களுக்கு ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்டுவிட்டு நம்பலாம். எந்த அறுவை, எந்த மருந்து, எந்த வலி என்பதில் நம்பக்கூடாது. இந்தக் கூட்டங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எட்டுக் கிலோ ஏறிவிட்டதென்று ஒதுங்கியிருக்கும் பத்தாம் ஆண்டுக்காரரைத் தேடிப்பிடித்து அழைத்து வாருங்கள். புதியவரின் முதல் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும்.